கீழ்வீடு: ஐப்பசியும் கார்த்திகையும்

2024 அக்டோபர் 6, ஞாயிறு

நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் மடிப்பாக்கம் கீழ்வீட்டில் குடியிருப்பவர்கள் ஐப்பசி பிறந்ததும் காலி செய்கிறார்கள். போனில் அந்தப் பெண் அழுதுவிட்டாள். "உங்க மேல ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி. இன்னொரு மழையை இந்த வீட்டுல பாக்க முடியாது. மாமியாரைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு ஓட எனக்குத் தெம்பு இல்ல." சரிம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

அட்வான்ஸ் ஒரு லட்சம் திருப்பித் தரணும்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஒரு லட்சம்.

அக்டோபர் 10, வியாழன்

மடிப்பாக்கம் போய் வந்தேன். மிக்ஜாம் புயல் வந்து பத்து மாதம் ஆகியும் ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் காயவில்லை. உப்புப் பூத்திருக்கிறது. நகத்தால் கீறினால் பூச்சு மாவாக உதிர்கிறது. ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் ஹாலோ பிளாக் அடுக்கி மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். பிளக் பாயின்ட் எல்லாவற்றையும் நெஞ்சளவுக்கு மாற்றியது அவர்கள் செலவு. அதற்கு ஒரு பைசா கேட்டதில்லை.

காலி செய்யும்போது பெயின்ட்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். இவர்களிடம் பிடிக்க மாட்டேன். என் கணவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பூச்சை உரித்து, கெமிக்கல் அடித்து, மறுபடி பூச மேஸ்திரி 85,000 கேட்கிறார். தரையை உயர்த்துவது தனிக் கணக்கு. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு எங்கள் வாசல்படியை விட உயர்ந்துவிட்டது. தண்ணீர் வேறு எங்கே போகும்?

அக்டோபர் 15, செவ்வாய்

கொட்டுகிறது. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தி வைத்திருப்பதை டிவியில் காட்டுகிறார்கள். கீழ்வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். வாசல் வரை வந்திருக்கிறதாம்.

அக்டோபர் 16, புதன்

உள்ளே வரவில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

அக்டோபர் 20, ஞாயிறு

சாவி கைக்கு வந்தது. எஃப்டியை முதிர்வுக்கு முன்பே உடைத்து, முழு லட்சத்தையும் கொடுத்துவிட்டோம். புதிதாக வருகிறவர் தரும் அட்வான்ஸை வாங்கிப் பழையவருக்குக் கொடுப்பதுதான் ஊரில் நடக்கிற விஷயம். இடையில் வீடு காலியாக நின்றால் அது நம் கையிலிருந்துதான் போகணும். புதுச் சட்டம் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. புரோக்கர்கள் இன்னமும் பத்து மாதம் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எனக்கு மூன்று மாதமே போதும். பெரிய தொகை வாங்குவது பெரிய கடன் வாங்குவதுதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து மகள். "வித்துடும்மா." எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். 48 லட்சத்துக்குப் போகும் வீட்டில் மாதம் 14,000 வாடகை, வருஷத்துக்கு 1,68,000, அதாவது 3.5%. ஒரு மாதம் காலியாக இருந்தால் அதுவும் இல்லை. முதியோர் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டாலே 8.2%, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். மேஸ்திரியும் வேண்டாம், மழையும் வேண்டாம்.

விற்றால் வரும் லாபத்துக்கான வரியையும் பார்த்துவிட்டாள். 2006-ல் 14 லட்சத்துக்கு வாங்கியது. புது விதிப்படி 12.5% என்றால் 4,25,000 கட்டணும். இந்த வருஷம் ஜூலை 23-க்கு முன்பே வாங்கிய சொத்து என்பதால், விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20% என்ற பழைய வழியிலும் கணக்கிடலாம். அப்படிப் பார்த்தால் 1,27,000 போல வருகிறது. பெரிய வித்தியாசம்தான்.

அவள் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அவருக்கு பென்ஷன் கிடையாது. வாடகை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏறும். வட்டி ஏறாது, குறையவும் செய்யும். கையில் ரொக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் யார் யார் கேட்டு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இரவெல்லாம் இதே யோசனை.

அக்டோபர் 28, திங்கள்

சொத்து வரி கட்டியாச்சு. இந்த மாதத்துக்குள் கட்டினால் 5% தள்ளுபடி. வீடு பூட்டிக் கிடந்தாலும் வரி உண்டு, மெயின்டனன்ஸ் உண்டு.

நவம்பர் 9, சனி

புரோக்கர் சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டியை அழைத்து வந்தார். கைக்குழந்தை. அந்தப் பையன் நேராகக் கேட்டான்: "மழைக்குத் தண்ணி வருமா ஆன்ட்டி?" புரோக்கர் கண்ணைக் காட்டினார். வரும், போன டிசம்பரில் முழங்கால் வரை வந்தது என்று சொன்னேன். போய்விட்டார்கள்.

இனிமேல் ஆளே கூட்டி வர மாட்டேன் என்கிறார் புரோக்கர். வராவிட்டால் போகட்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கேட்கிறவனிடம் எப்படிப் பொய் சொல்வது?

நவம்பர் 13, புதன்

லீசுக்கு 8 லட்சம் தருவதாக ஒருவர். வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து மொத்தமாக எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

நவம்பர் 17, ஞாயிறு

கார்த்திகை பிறந்துவிட்டது. மார்கழியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். இந்த மாதம் போனால் தை வரை காலிதான்.

நவம்பர் 21, வியாழன்

அதே தெருத் தையல்காரர் கேட்கிறார். ஆறு மெஷின், 16,000 தருகிறாராம். தண்ணீர் வரும் என்று நான் வாய் திறக்கும் முன்பே, "எனக்குத் தெரியாதா மேடம், நானும் இங்கதானே இருக்கேன்" என்றார். துணியெல்லாம் பரண் மேல். ராத்திரி யாரும் தங்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது. யாரையும் யாரும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

ஆனால் தொழில் நடந்தால் கரண்ட் கணக்கு வணிக இணைப்புக்கு மாறணும், சொத்து வரியும் ஏறும். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் ஒத்துக்கொள்ளணும்.

நவம்பர் 24, ஞாயிறு

மொட்டை மாடியில் கூட்டம். மூன்று வீட்டார் சரி என்றார்கள். ஒருவர் மெஷின் சத்தம் கேட்கும் என்கிறார், நியாயம்தான். மேல்வீட்டுக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மகள் மறுபடியும் "வித்துடும்மா".

நவம்பர் 26, செவ்வாய்

மேல்வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. தையல்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பாராம். மேஸ்திரியை வரச் சொல்லிவிட்டேன். யார் வந்தாலும், விற்றாலும்கூட, அந்தச் சுவரைச் சரி பண்ணித்தான் ஆகணும்.