தறப்பாள் ஜீப்பும் அர்ச்சனைத் தட்டும்

முதுகு இன்னும் நோகிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திருகோணமலை உவர்மலையில் ஒருவர் பழைய சுசுகி எஸ்.ஜே.413 ஜீப் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். இரண்டு கதவு, தறப்பாள் கூரை, 1,324 சிசி பெற்றோல் எஞ்சின். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், லொறிக்குப் போடுகிற அதே சாதி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 2,030 மில்லிமீட்டர்தான். முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்த குலுக்கம் அடங்குமுன் பின்சக்கரமும் விழுந்துவிடும்.

"ரெண்டு நாள் ஓடிப் பாருங்கோ தம்பி, பெற்றோல் மட்டும் உங்கட" என்றார் உரிமையாளர். நல்ல மனசு என்று நினைத்தேன். 40 லீற்றர் தாங்கி காய்ந்து கிடந்தது தெருவில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பாதி நிரப்பவே பர்ஸ் மெலிந்துவிட்டது.

முதலில் கோணேசர் கோயில். பின்பக்கத் தறப்பாளை இழுத்து மூடும் சிப் உப்புக் காற்றில் இறுகி, பாதியிலேயே நின்றது. சரி, யார் எடுக்கப்போகிறார்கள் என்று பிரெட்ரிக் கோட்டைக்குள் மரநிழலில் விட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனோம். திரும்பி வந்தால் கோட்டை மான் ஒன்று அந்த இடைவெளியால் தலையை விட்டு, அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தை முடித்துவிட்டு வெற்றிலையில் நின்றது. மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தேங்காயாவது மிஞ்சிச்சே!" புதுத் தட்டுக்கு மறுபடியும் காசு. தறப்பாள் வண்டியில் கதவுப் பூட்டு வெறும் பேச்சுக்குத்தான்.

அப்புறம் புல்மோட்டை வீதி, 50 சொச்சம் கிலோமீட்டர். அறுபதைத் தாண்டினால் தறப்பாள் படபடவென்று அடிக்கத் தொடங்கும், பேச்சு நின்றுவிடும். கச்சான் காற்று வேறு, அடுப்படியில் உட்கார்ந்த மாதிரி. நிலாவெளியில் நிறுத்தவே இல்லை. குச்சவெளியில் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்ட கணவாய்க் கறிதான் அன்று கொடுத்த காசுக்கு வஞ்சகம் செய்யாத ஒரே பொருள்.

ஆனால் புல்மோட்டைப் பக்கத்து அரிசிமலைக் கடற்கரை! நொய்யரிசி போல் உருளும் மணல். இறங்கி முன்சக்கர ஹப் பூட்டு இரண்டையும் கையால் திருப்பி, ரயர் காற்றை 26 பிஎஸ்ஐயிலிருந்து 15க்கு இறக்கி, சின்னக் கியர்த்தடியை இழுத்து நாலு சக்கர ஓட்டத்துக்கு மாற்றினேன். ஒரு டன்னும் இல்லாத வண்டி மணலில் நண்டு மாதிரி ஓடியது. பக்கத்தில் ஒரு பெரிய பிக்கப் அச்சுவரை புதைந்து, நாலு பேர் மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகுவலி மறந்தே போனது. கூரையை மடித்துவிட்டு, வேண்டுமென்றே இன்னொரு தரம் ஏறி இறங்கினேன்.

அந்தச் சந்தோஷத்தில் நாலு சக்கர ஓட்டத்தைக் கழற்றாமலே தார் வீதிக்கு ஏறிவிட்டேன். வளைவில் ஸ்டியரிங் முரண்டு பிடித்தது. இதில் இரண்டு அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷல் இல்லை, முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். நிறுத்திக் கழற்றினேன். கால் பம்பால் நாலு ரயருக்கும் வெயிலில் காற்றடித்த கதை வேண்டாம்.

ஞாயிறு காலை தெரிந்த மெக்கானிக் அடியில் படுத்து வண்டியின் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டினார். ணங், ணங், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் மட்டும் தொப். துரு அப்பளமாக உதிர்ந்து அவர் முகத்திலேயே விழுந்தது. வெல்டிங் செலவைக் கழித்து ஒரு விலை சொன்னேன். உரிமையாளர் இன்னும் இறங்கவில்லை.

மனைவி மட்டும் தையல்காரரிடம் சிப்பின் நீளத்தைச் சொல்லிவைத்துவிட்டார்.