அதிபர் கைது

தலைப்பில் இரண்டே சொற்கள்: அதிபர் கைது. காலை ஐந்தரை மணி. ராயபுரம் வீட்டில் சமையலறை மேசை மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இலங்கைத் தமிழ் நாளிதழ் ஒன்றின் தலைப்புகளை ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். ஆறு மணிக்குள் தலைப்புப் பட்டியல் போக வேண்டும். செய்திகளின் முழு மொழிபெயர்ப்புக்கு எட்டரை வரை நேரம் உண்டு. ஒரு நாட்டின் ஜனாதிபதியைக் கைது செய்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஏழு மணிக்கு முழுச் செய்தியையும் படித்தபோதுதான் தெரிந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பணம் வாங்கிய தலைமையாசிரியர் ஒருவர் பிடிபட்டிருந்தார். இலங்கையில் அதிபர் என்றால் பள்ளியின் தலைமையாசிரியர். நாட்டின் தலைவரை அவர்கள் ஜனாதிபதி என்றுதான் எழுதுவார்கள். அமெரிக்க அதிபர், ரஷ்ய அதிபர் என்று படித்தே வளர்ந்த எனக்கு, அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கும் என்ற சந்தேகமே வரவில்லை.

நானே போன் செய்து சொன்னேன். திருத்தம் போனது. அதன்பின் ஒரு மாதம் என் கோப்புகளை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்பினார்கள். அது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. "இனிமே கவனமா இருங்க மேடம்" என்று மட்டும் சொன்னார் மேற்பார்வையாளர். அந்த வார்த்தைதான் மனதில் தங்கிவிட்டது. கவனக்குறைவால் வந்த தவறில்லை அது. தெரியாத சொல் தெரிந்த சொல்லின் முகத்தோடு வந்து நின்றால், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது பிடிபடாது. அன்று இதை அவரிடம் சொல்ல வரவில்லை. ஆறு வருடம் அந்த வேலையைச் செய்து முடித்த பிறகு இப்போது எழுதுகிறேன்.

அலுவலகம் தம்புச் செட்டித் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஊடகக் கண்காணிப்பு என்று வேலைக்குப் பெயர். நாங்கள் ஏழெட்டுப் பேர் அவரவர் வீட்டிலிருந்து செய்தோம், வாரம் ஒருநாள் நேரில் போவோம். சொல்லுக்கு இவ்வளவு பைசா என்று கணக்கு. எங்கள் மொழிபெயர்ப்பைப் படிப்பவர் யார் என்று கேட்டால், "கவர்ன்மென்ட் சைடு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். படிவம் மூன்று விதமாக இருந்ததால் மூன்று இடத்துக்குப் போகிறது என்று நாங்களாகப் புரிந்துகொண்டோம். ஓர் இடத்துக்கு முழுச் செய்தி, இன்னொன்றுக்கு ஐந்து வரிச் சுருக்கம், மூன்றாவது இடத்துக்கு ஆள், ஊர், தேதி என்று பிரித்த அட்டவணை. ஒரே செய்தியை மூன்று பேர் தனித்தனியாக மொழிபெயர்த்த நாட்களும் உண்டு. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஜெயக்குமார் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு 'கே' போட்டு எழுதுவார், ஒருவர் இரண்டு 'கே' போடுவார், இன்னொருவர் 'ஒய்' இடத்தில் 'ஐ' வைப்பார். கணினியில் தேடுகிறவருக்கு அவர் மூன்று ஆள். எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அமெரிக்க அரசு 1890இல் ஊர்ப் பெயர்களுக்கு ஒரு வாரியம் வைத்தது என்று பின்னால் படித்தேன். எங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட நான் கேட்டு, அது வருவதற்கு இரண்டு வருடம் ஆனது.

அதிபருக்குப் பிறகு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். சந்தேகமான சொல் ஒவ்வொன்றையும் அதில் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை யாரிடமாவது கேட்பது. யாரிடம் கேட்பது என்பதில் வடசென்னையில் எனக்குக் குறையில்லை. அம்மாவின் தம்பி காசிமேட்டில் விசைப்படகு டிரைவராக இருந்தவர். புழல் காவாங்கரை இலங்கை அகதிகள் முகாமில் அம்மாவுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. என் நோட்டில் அவர்கள் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள்.

கச்சான் என்ற சொல் ஒரு செய்தியில் வந்தது. மாமாவைக் கேட்டேன். "மேக்கால இருந்து அடிக்கிற காத்தும்மா" என்றார். அக்காவைக் கேட்டேன். "கச்சான் எண்டால் கடலை, பிள்ளை. கோயில் திருவிழாவிலே விப்பினம்" என்றார். நாம் வேர்க்கடலை என்பதை அவர்கள் கச்சான் என்கிறார்கள். அங்கே மீனவர்களுக்கு அது காற்றும்தான். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். ரோலர் இன்னொன்று. 'ரோலர்களின் அத்துமீறல்' என்று தலைப்பு இருந்தால் இங்கே ரோடு போடும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். அங்கே அது டிராலர், கடலடியைச் சுரண்டி இழுக்கும் இழுவைமடிப் படகு. 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் அந்த இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்தபோது அந்தச் சொல் தினமும் வந்தது. அரசாங்க அதிபர் என்றால் மாவட்ட நிர்வாகத் தலைவர், நம்ம ஊர் கலெக்டர் மாதிரி. தலையாட்டி என்ற சொல்லை அக்கா விளக்கியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்து வைத்த ஆண்களை வரிசையாக நடக்க விடுவார்கள், முகத்தை மூடிய ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தச் சொல்லை எந்த அகராதியைப் பார்த்தும் என்னால் மொழிபெயர்த்திருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கும் அலுவலகத்துக்கும் ஒத்துவராமல் போனது. பொடியள் என்று ஒரு சொல். பையன்கள் என்பது நேர்ப்பொருள். போர்க்காலத்தில் அந்த மக்கள் ஆயுதம் எடுத்தவர்களையும் பொடியள் என்றே சொன்னார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு ஊர்க்காரர் "பொடியள் வந்து நிண்டவை" என்று பத்திரிகைக்குச் சொன்னால் அது யார்? பக்கத்துத் தெருப் பையன்களா, பழைய இயக்கக்காரர்களா? செய்தியை எழுதியவரே திறந்து சொல்லவில்லை. நான் பையன்கள் என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு எழுதினேன்: இச்சொல் முன்பு போராளிகளையும் குறித்தது, இங்கே எது என்று தெளிவில்லை. குறிப்பை நீக்கிவிட்டார்கள். படிக்கிறவருக்குக் குழப்பம் கூடாது என்றார்கள். கூட ஒரு விஷயம், அடைப்புக்குறிக்குள் எழுதும் சொற்களுக்குக் காசும் கிடையாது.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. படிக்கிறவர் புலனாய்வு வேலை பார்க்கிறவர் என்றால், அவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே அந்தக் குழப்பம்தானே. ஒருவர் அதைத் துடைத்துவிட்டுப் பையன்கள் என்பார், இன்னொருவர் துடைத்துவிட்டுப் போராளிகள் என்பார். இரண்டும் சுத்தமான ஆங்கிலம். நடுவில், கோயில் வாசலில் நின்ற ஏதோ நாலு பிள்ளைகளின் தலையெழுத்து இருக்கிறது.

அப்புறம்தான் இந்தத் தொழிலை இதற்கு முன் யார் யார் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1941 பிப்ரவரியில் அமெரிக்கா வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டு மொழிபெயர்க்க ஒரு பிரிவைத் தொடங்கியது. அது பிற்பாடு எஃப்.பி.ஐ.எஸ். என்ற பெயரில் சி.ஐ.ஏ.வின் கீழ் வந்தது. 1941 டிசம்பர் 6ஆம் தேதியிட்ட அவர்களுடைய ஆய்வறிக்கையில், ஜப்பான் வானொலியின் பகைத்தொனி இன்னும் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. பிரிட்டனில் 1939இலேயே பிபிசி இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. போருக்குப் பின் இரண்டு அமைப்பும் உலகத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு, கேட்டதையும் மொழிபெயர்த்ததையும் பரிமாறிக்கொண்டன. ஒரே ஒலிபரப்பை இரண்டு பேர் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று அன்றே யோசித்திருக்கிறார்கள். 1957இல் அமெரிக்கா வெளிநாட்டு அச்சுப் பத்திரிகைகளை மொழிபெயர்க்கவே தனியாக ஓர் அமைப்பு வைத்தது. அதில் பெரும்பகுதி வேலை வீட்டிலிருந்து ஒப்பந்தத்துக்கு மொழிபெயர்த்தவர்கள் செய்தது. அதைப் படித்தபோது யாரென்று தெரியாத அந்த மனிதர்கள் மேல் எனக்கு ஓர் ஒட்டுதல் வந்தது. 2001 தாக்குதலுக்குப் பிறகு, துறைக்குத் துறை மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை என்று 2003இல் அமெரிக்காவின் எல்லா உளவு அமைப்புகளுக்கும் பொதுவான ஒரு மொழிபெயர்ப்பு மையத்தையும் அமைத்தார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. அந்தப் பழைய அறிக்கைகளில் அடைப்புக்குறிகள் நிறைய. 'இங்கே சில சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை.' 'இங்கே ஒரு பகுதி விடப்பட்டுள்ளது.' இது முழுப் பாடம், இது பகுதி என்று தலையிலேயே குறித்திருப்பார்கள். கேட்காததைக் கேட்கவில்லை என்று எழுதுவது அங்கே விதி. நான் சண்டை போட்டதும் இதற்காகத்தான்.

கலை வரலாற்று அறிஞர் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச் வியன்னாவிலிருந்து லண்டன் வந்தவர். போர் முழுவதும் பிபிசிக்காக ஜெர்மன் வானொலியைக் கேட்டு எழுதினார். 1945 மே 1ஆம் தேதி, முக்கிய அறிவிப்பு வரப்போகிறது என்று சொல்லிவிட்டு ஜெர்மன் வானொலி ப்ருக்னரின் ஏழாவது சிம்பொனியிலிருந்து மெதுவான பகுதியை வாசித்தது. இசையமைப்பாளர் வாக்னரின் மரணத்தை ஒட்டி அமைந்த இசை அது என்பது அவருக்குத் தெரியும். ஹிட்லர் இறந்துவிட்டான் என்று ஊகித்து, வரக்கூடிய செய்திகளைச் சீட்டுகளில் முன்கூட்டியே எழுதி வைத்தார். அறிவிப்பு வந்ததும் உரிய சீட்டைக் காட்டினார், செய்தி லண்டனுக்குப் போனது. ஹிட்லர் போரிட்டு மடிந்தான் என்று வானொலி சொன்னது. உண்மையில் முதல்நாளே தற்கொலை செய்துகொண்டிருந்தான். சொல்லப்பட்டது எது, நடந்தது எது என்று பிரிப்பது படிக்கிறவரின் வேலை. சொல்லப்பட்டதைச் சொன்னபடி கொடுப்பது மொழிபெயர்ப்பாளரின் வேலை. அதற்கே ஒரு மனிதருக்கு இத்தனை இசை தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

நம்ம ஊரில் இது இன்னும் பழசு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்திருந்தேன். சென்னை மாகாண அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தமிழ், தெலுங்குப் பத்திரிகைகளைத் தன் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் படித்து, ரகசிய அறிக்கை போட்டு வந்தது. வெளிநாட்டு அரசியல், போலீஸ், நீதிமன்றம், சிறை, கல்வி, நிலம், ரயில், விளைச்சல் நிலவரம் என்று தலைப்பு வாரியாக இருக்கும். இன்ன தேதியிட்ட சுதேசமித்திரன் இப்படிக் குறைகூறுகிறது என்று ஒரு பத்தி. ஆள்கிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பதால், நம் ஊர்ப் பத்திரிகையே அவர்களுக்கு வேற்றுமொழிப் பத்திரிகை. பாரதியின் 'இந்தியா' போன்ற பத்திரிகையை ஒரு பத்தியில் சுருக்கினால் கோபத்தின் சாரம் வரும், கிண்டல் வராது. 1908இல் அந்தப் பத்திரிகையின் பதிவு பெற்ற வெளியீட்டாளர் சிறைக்குப் போனார், பாரதி புதுச்சேரிக்குப் போனார். தமிழில் எழுதியதற்கு ஆங்கிலத்தில் வழக்கு நடந்தது என்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு மேசை இருந்தே ஆக வேண்டும். அந்த மேசையில் இருந்தவரும் தமிழர்தானே, வீட்டுக்குப் போய் அதே மொழியில்தானே பேசியிருப்பார் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். அவர் சந்தேகப்பட்ட சொற்களை எங்கே எழுதி வைத்தார்?

கடைசி இரண்டு வருடம் இயந்திரம் மொழிபெயர்த்ததை நாங்கள் திருத்தினோம். காசு பாதியானது. வேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன், நூறு பக்கத்தை அள்ளிக் கொடுத்துவிடும். ஒருநாள் 'அதிபர் கைது' மறுபடி வந்தது. இயந்திரமும் ஜனாதிபதி என்றே போட்டிருந்தது. அது அடைப்புக்குறி போடுவதில்லை. தெரியாத இடத்திலும் தெரிந்த இடத்திலும் ஒரே குரலில் பேசுகிறது. திருத்துகிறவருக்கு அதிபரைத் தெரியாவிட்டால் தடுக்க யாருமில்லை.

அந்த ஆறு வருடத்தில் ஒரே ஒருமுறை மறுபக்கத்திலிருந்து கேள்வி வந்தது. எப்படியோ நீக்கப்படாமல் போய்விட்ட ஒரு குறிப்பு அது, இயக்கம் என்ற சொல்லைப் பற்றியது. சங்கமா, கட்சியா, அல்லது அந்த ஒரே இயக்கமா என்று இந்தச் செய்தியை வைத்துச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டு, "மேடம், அவங்க கேக்கறாங்க. இந்தக் குறிப்பு எழுதினவங்க வேற எங்கெல்லாம் இப்படிச் சந்தேகப்பட்டாங்கன்னு லிஸ்ட் இருக்கான்னு" என்றார்.

நோட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸைக்கூட எதிர்பார்க்காமல் ஆட்டோவில் தம்புச் செட்டித் தெருவுக்குப் போனேன். நாற்பது பக்கத்தையும் அவர் ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். சில பக்கங்களில் மாமா சொன்னது, சில பக்கங்களில் அக்கா சொன்னது, ஓரத்தில் என் கேள்விக்குறிகள். "இந்தக் கேள்விக்குறியெல்லாம் எடுத்துடலாமா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார்.