"அது சும்மா சளி மாத்திரைதானே"

ஜனவரி 14, 2024
போகி. விடிவதற்கு முன்பே தெருவில் டயரைக் கொளுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு மூக்கடைப்பு, அடுக்குத் தும்மல். தெருமுனை மெடிக்கலில் "சளிக்கு நாலு குடுங்க" என்று வாங்கி வந்தார். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்ததில் பெயர் இருந்த பாதி கடையிலேயே நின்றுவிட்டது. அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் உண்டு, ராத்திரி நாலு தடவை எழுந்து போவார். எங்கள் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஜனவரி 15
பானை பொங்கும்போது அப்பா நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். "வாயெல்லாம் வறளுதும்மா" என்று சர்க்கரைப் பொங்கலை ஒதுக்கிவிட்டார். மூக்கு கொஞ்சம் விட்டதில் அவருக்குத் திருப்தி. ராத்திரி இன்னொன்று போட்டுக்கொண்டார்.

ஜனவரி 16
அதிகாலை மூன்று மணிக்கு பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வரும் என்று திறந்துவிட்டு அரை மணி நேரமாக நிற்கிறார். ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல் மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், "ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார்.

"பிரஷருக்கு மட்டும்தான்."

நான் சளி மாத்திரையைச் சொன்னதும் அப்பா முறைத்தார். "அது சும்மா, மூக்குக்கு."

டியூப் போட்டதும் பையில் 900 மில்லி இறங்கியது. அப்பா முகத்தில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக விரிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிரஷர் 170/100.

ஜனவரி 17
மெடிக்கலில் மீதி அட்டையைக் கேட்டு வாங்கினேன். பாராசிட்டமால், பினைலெஃப்ரின், குளோர்பெனிரமின். டாக்டர் விளக்கினார்: குளோர்பெனிரமின் தும்மலை அடக்கும், கூடவே வாயை வறளவைக்கும், தூக்கம் தரும், மூத்திரப்பை சுருங்கி வெளியே தள்ளும் சக்தியையும் குறைக்கும். பினைலெஃப்ரின் ரத்தக் குழாயை இறுக்குகிற மருந்து. பையின் வாய்ப்பக்கத் தசையையும் அது இறுக்கும். அப்பாவுக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே புராஸ்டேட் சுரப்பி வீங்கி நிற்கிறது. உள்ளே தள்ள ஆளில்லை, வெளியே கதவும் சாத்தியாச்சு.

எனக்கு ஆத்திரம் வந்தது இதில்தான்: வாய்வழி பினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குக் கேட்பதே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஜனவரி 18
தம்பி வீட்டு ஃபிரிட்ஜில் இதே பினைலெஃப்ரின், குளோர்பெனிரமின் ஜோடி சிரப்பாக இருந்தது. குட்டிக்கு மூன்று வயது. நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி போன மாதம்தான் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் உத்தரவு போட்டார். இந்தப் பாட்டில் அதற்கு முந்தையது. தூக்கிப் போட வைத்தேன்.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? என் கைப்பையில் மூக்கடைப்பை நீக்கும் சொட்டு மருந்து, இரண்டு வாரமாக. சில நாளைக்கு மேல் தொடர்ந்து போட்டால் மருந்தாலேயே அடைப்பு திரும்ப வருமாம். அதனால்தான் ராத்திரியெல்லாம் அதைத் தேடியிருக்கிறேன்.

ஜனவரி 19
டாம்சுலோசின் ஆரம்பித்து இது மூன்றாம் நாள். பினைலெஃப்ரின் இறுக்கியதை இது தளர்த்தும். காலையில் டியூபை எடுத்தார்கள். அளக்க ஒரு பிளாஸ்டிக் ஜாடி கொடுத்து அப்பாவை உள்ளே அனுப்பினோம். கதவுக்கு வெளியே நானும் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 250 மில்லி.

சாயந்திரம் நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு மாமாவிடம் அப்பா முதலில் சொன்னதே அந்த அளவைத்தான்.