எல்சாட் மதிப்பெண் கணக்கு எனக்குப் பிடிபட்ட விதம்

அமெரிக்காவில் சட்டம் படிக்க எல்சாட் தேர்வுக்குத் தயாரானபோது, கேள்விகளைவிட மதிப்பெண் கணக்குதான் என்னை அதிகம் குழப்பியது. சரியாகப் போட்ட விடைகளின் எண்ணிக்கை ரா ஸ்கோர். அதுதான் 120 முதல் 180 வரையிலான ஸ்கேல்டு ஸ்கோராக மாறுகிறது.

"கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் எழுதும் மாதத்தில் எழுதாதே, ஸ்கோர் இறங்கிவிடும்" என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள். அது உண்மையே இல்லை. நம்மோடு அன்று எழுதுகிறவர்கள் யார் என்பது இந்தக் கணக்கில் வராது. தேர்வில் மதிப்பெண்ணில் சேராத ஒரு பகுதியும் வரும், அதில்தான் புதுக் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்து, எது எவ்வளவு கடினம் என்று அளந்துவைக்கிறார்கள். தாள் கடினமாக இருந்தால் குறைவான விடைகளுக்கே அதே ஸ்கோர் கிடைக்கும். எளிதாக இருந்தால் கூடுதலாகப் போட வேண்டும். இதற்குப் பெயர் ஈக்வேட்டிங். இது தெரிந்த பிறகு, எந்த மாதம் எழுதுவது என்ற கவலையே போய்விட்டது.

அப்புறம் பழைய மாதிரித் தேர்வுகளில், ரா ஸ்கோரை ஸ்கேல்டு ஸ்கோராக மாற்றிக் காட்டும் அட்டவணைகளை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாளுக்கும் தனி அட்டவணை. சில ஸ்கேல்டு ஸ்கோர்களுக்கு நேரே ரா ஸ்கோர் எண்ணே இருக்காது; அந்தத் தாளில் எத்தனை சரியாகப் போட்டாலும் அந்த ஸ்கோர் வராது! 180-ஐ ஒட்டிய உச்சியில் ஒரே ஒரு விடை தவறினால் ஒரு புள்ளி, சில சமயம் இரண்டும் போகும். நடுவில் அவ்வளவு அடி விழாது.

2024 ஆகஸ்டில் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதனால் சுமார் நூறு கேள்விகள் கொண்ட பழைய தாளின் அட்டவணையை இப்போதைய தேர்வுக்குப் பொருத்திப் பார்க்கவே கூடாது. தேர்வை நடத்தும் அமைப்பின் லாஹப் என்ற பயிற்சித் தளத்தில் புது வடிவத் தாள்கள் இருக்கின்றன, அவற்றையே போடுங்கள்.

நீட் பழக்கத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று: இங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. நேரம் முடியப்போகிறது என்றால் மிச்சமுள்ள எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒன்றைத் தட்டிவிடுங்கள்.

எனக்கு 164 வந்தது. அறிக்கையில் அதைச் சுற்றி ஏறத்தாழ மூன்று புள்ளி கூடவோ குறையவோ ஒரு வரம்பும் போட்டிருந்தார்கள். என் மாதிரித் தேர்வு ஸ்கோர்கள் எல்லாம் அந்த வரம்புக்குள்ளேயே இருந்தன. சரி, இதுதான் என் நிலை என்று தெளிவாகிவிட்டது. மறுபடி எழுதாமல் அதை வைத்தே விண்ணப்பித்தேன்.