கறி முதலில், கொம்பு பிறகு

மான் வேட்டைக்குப் போய்வந்தேன் என்றவுடன், கொம்புக்கு எத்தனை கிளை என்றுதான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். அலாஸ்காவின் கோடியாக் தீவில் ஒரு நவம்பரில் ஆறு நாள் தங்கியிருந்த எனக்கோ, சுட்ட பிறகு கழிந்த நான்கு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. துப்பாக்கி நண்பருடையது, நான் கறி சுமக்க உடன் சென்றவன். அவர் அமெரிக்கக் குடிமகன் என்பதால், வேறு மாநிலத்தவராக இருந்தும் மான் வேட்டைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி தேவைப்படவில்லை. பழுப்புக் கரடிக்கோ மலையாட்டுக்கோ என்றால் பொதுவாக வழிகாட்டி கட்டாயம்.

கோடியாக் ஏறத்தாழ 9,300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. சாலைகள் வடகிழக்கு மூலையில், நகரத்தைச் சுற்றி மட்டுமே உண்டு. மற்ற இடங்களுக்கு மிதவை விமானம் அல்லது படகுதான் வழி. தீவின் மூன்றில் இரண்டு பங்கு 1941 முதல் தேசிய வனவிலங்குப் புகலிடமாக இருக்கிறது. இங்குள்ள சிட்கா கருவால் மான்கள் தீவின் பூர்வீக விலங்குகள் அல்ல. 1924க்கும் 1934க்கும் இடையில் தென்கிழக்கு அலாஸ்காவிலிருந்து சிறு எண்ணிக்கையில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் சந்ததி. தீவில் ஓநாய் கிடையாது. மான்களின் தொகையைக் குறைப்பது பெரும்பாலும் பனிதான். 1998-99 குளிர்காலத்தில் ஏராளமான மான்கள் மடிந்தன.

காற்றும் மழையும் ஓயாததால் எங்கள் விமானம் ஒன்றரை நாள் தாமதமாகத்தான் கிளம்பியது. இத்தகைய பயணத்துக்கு வருபவர்கள் முன்னும் பின்னும் இரண்டு நாளாவது கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் தங்கிய வேட்டை விடுதி என்றால் சொகுசு என்று நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அங்கே விலைமதிப்பற்றவை இரண்டு: நனைந்த காலணியையும் மேலாடையையும் இரவுக்குள் உலர்த்தித் தரும் சூடான அறை, மின்வேலியிட்ட, காற்றோட்டமான கறிக் கொட்டகை. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றால், கடல் ஏறும்போதும் வடியும்போதும் எந்தக் கரையில் படகை ஒதுக்கலாம் என்பதை மனத்தில் வைத்திருந்த விடுதிக்காரர்.

நவம்பர் மான்கள் இணைசேரும் பருவம் என்பதால், பெண்மானின் குரலைப் போல ஒலிக்கும் ஊதலை ஊதினால் ஆண்மான் புதரை விட்டு வெளியே வந்துவிடும். சில நேரம் அதே ஒலிக்குக் கரடியும் வரும். ஆகவே ஒருவர் ஊதும்போது மற்றவர் முதுகுப் புறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று விடுதிக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். கோடியாக் தீவுக்கூட்டத்தில் சுமார் 3,500 பழுப்புக் கரடிகள் உள்ளன. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் இரை கிடக்கிறது என்று சில கரடிகள் பழகிவிட்டன என்று அங்குள்ள வேட்டைக்காரர்கள் பலரும் சொல்கிறார்கள்.

நான்காம் நாள் பிற்பகல் ஒன்றரை மணிக்கு, ஆல்டர் என்ற குறுமரப் புதரின் விளிம்பில் நின்ற ஆண்மானை நண்பர் ஒரே தோட்டாவில் வீழ்த்தினார். அந்த மாதத்தின் நடுவில் அங்கே பகல் எட்டு மணி நேரம்தான். சட்டப்படி மாட்ட வேண்டிய உலோக முத்திரையை மானில் பூட்டிய கையோடு, கண்ணுக்கு நாற்புறமும் தெரியும் மேட்டுக்கு அதை இழுத்துச் சென்றோம். வயிற்றைக் கீறியதும் எழுந்த ஆவி என் கண்ணாடியை மறைத்தது. மரத்துப்போயிருந்த விரல்களுக்கு அந்த வெதுவெதுப்பு இதமாக இருந்ததைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் அதுதான் உண்மை. குடலை அங்கேயே விட்டுவிட்டு, அறுத்த ஒவ்வொரு துண்டையும் துணிப்பையில் இட்டு, காற்று எதிரே வரும் பக்கமாக நூறு அடி தள்ளி வைத்தேன். அந்த நேரம் முழுக்க இருவரும் உரக்கப் பேசிக்கொண்டே இருந்தோம்.

பின்தொடைகள், முன்சப்பைகள், முதுகுத்தண்டை ஒட்டிய நீளக் கறி எல்லாம் பைக்குள் போனபோது மணி மூன்றரை. மேகம் தாழ்ந்து வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. கழுத்தும் நெஞ்சும் விலாவும் மீதமிருந்தன. போதும், போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். நண்பர் பதில் பேசாமல் மறுபடி மண்டியிட்டு, விலா எலும்புகளுக்கு இடையே இருந்த சதையை விரல் விரலாகச் சீவி எடுத்தார். உண்ணத்தக்க கறி முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்பது அலாஸ்காவின் சட்டம். கறியை எடுத்துச் செல்லும் முன் கொம்பை மட்டும் கொண்டுபோகவும் அனுமதியில்லை. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி அவர் அப்படிச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் கட்டி முடித்த பிறகே தலையைத் தம் பையின் மேல் வைத்துக் கட்டினார். கரையை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. படகின் விளக்கைக் கண்டதும் என் முழங்கால்கள் தாமாகவே மடிந்தன.

மறுநாள் காலை உலர்ந்த காற்றில் கறியின் மேல் மெல்லிய தோல் படிந்திருந்தது; அப்படிப் படிந்தால் எளிதில் கெடாது என்று விடுதிக்காரர் விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு வாசலில் நிறுத்தியிருந்த தொலைநோக்கியை அந்த மேட்டை நோக்கித் திருப்பினார். குடலை நாங்கள் விட்டுவந்த இடத்தில் கரிய பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய கரடி, மண்ணையும் புல்லையும் குவித்து அதன் மேலேயே படுத்திருந்தது. அந்தப் பள்ளத்தாக்குக்கு இந்த வாரம் யாரும் போக வேண்டாம் என்று மற்ற வேட்டைக்காரர்களிடம் சொல்லிவிட்டு, படகை எதிர்க்கரைக்குத் திருப்பினார்.