ஓட்டுச்சீட்டின் கடைசியில் இருக்கிற அந்தப் பெயர்

என் நண்பனின் அப்பா ஊரிலிருந்து இங்கே அமெரிக்காவுக்கு வந்து மூன்றாவது வாரம். இரவு படுக்கப் போனவர் காலையில் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது, மரணத்துக்குக் காரணம் என்னவென்று விசாரிக்கும் அதிகாரியான கரோனரின் ஆபீஸிலிருந்து ஆள் வரும் வரை யாரும் உடம்பைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்கள். தூக்கத்தில் போன மனுஷனுக்கு எதுக்குப்பா போலீஸ் என்று நண்பனின் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

முக்கால் மணி நேரத்தில் வந்தவர் ஒரு பெண், டெபுடி கரோனர். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே ஷூவுக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அப்பா சாப்பிட்டுவந்த மாத்திரைகளைக் கேட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டைகள், மஞ்சள் பையில் கட்டிவைத்தது அப்படியே இருந்தது. ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை பிரித்திருக்கிறது, எத்தனை மீதி என்று எண்ணி, வந்த தேதியிலிருந்து கணக்குப் போட்டார். பிரஷர் மாத்திரை பதினொன்று அதிகமாக இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அப்புறம் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, அடுத்து என்னென்ன நடக்கும், எந்தக் காகிதம் எப்போது கையில் கிடைக்கும், தகனத்துக்குக் கரோனர் அனுமதி வேண்டும், அதைத் தானே பார்த்து வாங்கித் தருவதாக நிதானமாகச் சொன்னார்.

அந்தப் பெண்தான் இந்த நவம்பரில் எங்கள் கவுண்டியில், அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரியான பகுதியில், கரோனர் பதவிக்கு நிற்கிறார்.

நாங்கள் இருக்கிற பென்சில்வேனியா மாநிலத்தில் பல வருஷம் இருப்பவர்களுக்குக்கூட இந்தப் பதவி என்னவென்று தெரிவதில்லை. திடீர் மரணம், விபத்து, தற்கொலை, கொலை, அளவுக்கு மீறிய போதைப்பொருள் என்று எதுவானாலும், மரணத்துக்கு என்ன காரணம், அது எந்த வகை என்று முடிவு செய்வது கரோனர். நம்ம ஊரில் போலீஸும் ஆர்.டி.ஓ.வும் செய்கிற விசாரணையில் ஒரு பகுதி இது என்று வைத்துக்கொள்ளலாம். 1194இல் இங்கிலாந்தில் அரசனுக்குச் சேர வேண்டிய வருமானத்தைக் காப்பதற்காக உண்டாக்கிய பதவி, இங்கே நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பதவியாக நிற்கிறது. டாக்டராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பென்சில்வேனியாவில் இல்லை, பக்கத்து ஒஹையோவில் உண்டு. இங்கே அடிப்படைப் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறினால் போதும். பிரேதப் பரிசோதனையைத் தடயவியல் மருத்துவர் செய்வார், அது வேண்டுமா என்று முடிவெடுப்பது கரோனர்.

இது சரியான ஏற்பாடா என்றால், எனக்கு முழு சம்மதம் இல்லை. கரோனர் முறையைப் படிப்படியாகக் கைவிட்டு மருத்துவர்களை நியமிக்கச் சொல்லி அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் குழு 2009இலேயே அறிக்கை கொடுத்தது. பிட்ஸ்பர்க் இருக்கிற அலெகெனி கவுண்டி 2005இலேயே மாறிவிட்டது. எங்கள் கவுண்டி இன்னும் மாறவில்லை. மாறும் வரை அந்த நாற்காலியில் யார் உட்கார்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

போன மாதம் நூலகத்தில் அந்த டெபுடி கரோனர் பேசியதைக் கேட்கப் போயிருந்தேன். இருபது பேர் இருந்திருப்போம். பன்னிரண்டு வருஷம் எமர்ஜென்சியில் நர்ஸ், அப்புறம் ஆறு வருஷம் டெபுடி கரோனர். இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தப் பெண்ணின் அப்பா லாரி ஓட்டுநராம், வேறொரு மாநிலத்தில் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்திய லாரிக்குள்ளேயே இறந்து கிடந்திருக்கிறார். இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் 'விசாரணை நிலுவையில்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்கள். அது ஐந்து மாதம் அப்படியே கிடந்தது. காரணம் தெரியாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. அவருடைய அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன் செய்வார், யாரும் திருப்பிக் கூப்பிட்டதே இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது, ஆனால் அதைச் சொல்வதற்கு மூன்று நிமிஷம் போதும், அந்த மூன்று நிமிஷம் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்றார். குரல் கொஞ்சம் கம்மியது. தான் ஜெயித்தால், முடிவு வராத ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆபீஸிலிருந்தே போன் போகும் என்று சொன்னார். மற்ற வேட்பாளர்கள் கட்சியைப் பற்றியும் பட்ஜெட்டைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். பட்ஜெட் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த மாத்திரை அட்டைகள்தான் ஞாபகம் வருகின்றன.

குடியுரிமை வாங்கியவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரைதான் பதிவு செய்யலாம். சீட்டில் நீதிபதி, கமிஷனர் என்று எல்லாம் பார்த்துக் களைத்துப் போய், கரோனர் வரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வருகிற சனிக்கிழமை காலை எங்கள் தெருவிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பேசப் போகிறேன். கூட வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.