சுங்கை சிப்புட்டிலிருந்து பிட்காயின் கோருக்கு: என் முதல் பங்களிப்பு

பிட்காயின் என்று வாயைத் திறந்தாலே மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் வரும் முதல் கேள்வி, "எவ்வளவு போட்டே?" என்பதுதான். காயின் திட்டம் என்று யாரோ வந்து சொன்னதை நம்பி, சேமிப்பை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இதில் ஒரு வெள்ளிகூடப் போடவில்லை. பிட்காயின் வலையமைப்பில் மிக அதிகமாக ஓடும் மென்பொருள் பிட்காயின் கோர். அதன் நிரல், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்தே கிடக்கிறது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். அதில் ஒரு சிறிய சோதனை நிரலைச் சேர்த்த அனுபவம் இது.

எனக்கு ஈப்போவில் மென்பொருள் சோதனை வேலை. பைத்தான் நன்றாக வரும், சி பிளஸ் பிளஸ் படித்தால் புரியும். இந்த அளவு போதுமா என்ற சந்தேகத்தோடுதான் திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியைத் திறந்தேன். மற்றவர்கள் அனுப்பியிருக்கும் மாற்றங்களைச் சோதித்து மதிப்பாய்வு செய்வதுதான் புதிதாக வருபவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

ஏன் என்பதற்கு 2018 செப்டம்பரில் நடந்ததைப் பார்த்தால் போதும். ஒரே பரிவர்த்தனைக்குள் ஒரே காசை இரண்டு முறை செலவழிக்கிறார்களா என்று பார்க்கும் சரிபார்ப்பு, வேகத்துக்காக ஓரிடத்தில் எடுக்கப்பட்டிருந்தது. அதை வைத்து ஒரு மைனர் (பரிவர்த்தனைகளைத் தொகுத்து 'பிளாக்' உருவாக்குபவர்) மற்றவர்களின் நோடுகளை, அதாவது இந்த மென்பொருள் ஓடும் கணினிகளை, முடங்க வைத்திருக்கலாம். சில பதிப்புகளில் இல்லாத காசை உருவாக்கவும் முடிந்திருக்கும். 2.1 கோடிக்கு மேல் பிட்காயின் வராது என்ற உறுதியே ஆட்டம் கண்டிருக்கும். 0.16.3 பதிப்பில் அவசரமாகச் சரிசெய்தார்கள். அதுவரை பல பதிப்புகள் அந்தப் பிழையோடு வெளிவந்திருந்தன. இன்னொரு ஜோடிக் கண்ணுக்கு அங்கே எவ்வளவு மதிப்பு என்று அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

"யாரோ எழுதினதை நீ எதுக்குய்யா திரும்பப் பார்க்கிற?" என்று அம்மா கேட்டார். அம்மா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி (எஸ்டேட் கணக்கர்) எழுதும் எடையைத் தானும் ஒரு நோட்டில் குறித்து வைத்து, சம்பள நாளில் ஒப்பிட்டுப் பார்ப்பார். "அதேதாம்மா" என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முழு பிளாக்செயினையும், அதாவது எல்லாப் பரிவர்த்தனைகளின் பதிவேட்டையும், இறக்கினால் நூற்றுக்கணக்கான ஜிபி. எங்கள் வீட்டு இணையத்துக்கு அது ஆகாத காரியம். ஆனால் நிரலில் வேலை செய்ய அது தேவையே இல்லை. 'ரெக்டெஸ்ட்' என்றொரு முறை இருக்கிறது: உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஒரு பிட்காயின் வலையமைப்பு. அசலில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்றாக வரும் பிளாக்கை இங்கே ஒரு கட்டளையில் உருவாக்கலாம். பிளாக்கை உருவாக்கியதற்குக் கிடைக்கும் புதுக் காசு 100 பிளாக் முதிர்ந்த பிறகே செலவாகும் என்பதால், முதலில் 101 பிளாக்குகளை உருவாக்கிக்கொண்டு ஆரம்பிப்பது வழக்கம். நிரலைக் கம்பைல் செய்யும்போது, அதாவது ஓடும் மென்பொருளாக மாற்றும்போது மட்டும் நினைவகத்தைக் கவனியுங்கள். பழைய மடிக்கணினி என்றால் அதன் செயலியின் எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டாம்.

மற்றவர்களின் மாற்றங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பிடித்திருந்தால் 'ஏக்' (ஒப்புதல்) போடலாம், ஆனால் வெறும் 'ஏக்' யாருக்கும் உதவாது. எந்தக் கமிட்டை (பதிவு செய்த மாற்றத்தை) சோதித்தீர்கள் என்று அதன் ஹாஷோடு, அதாவது அடையாளக் குறியீட்டோடு எழுத வேண்டும். எந்தக் கணினியில் ஓட்டினீர்கள், எதை முயன்றீர்கள், என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். நீங்கள் எந்த ஊர், என்ன படித்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்பது ஆதாரத்தை. எஸ்டேட்டில் வளர்ந்த எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

இப்படிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு கட்டளைக்குத் தவறான மதிப்பைக் கொடுத்தால் வரவேண்டிய பிழைச் செய்தியை எந்தச் சோதனையும் தொடவில்லை. பைத்தானில் சில வரிகள் எழுதி, ஒரே கமிட்டாக, தலைப்பில் 'டெஸ்ட்' என்று முன்னொட்டுச் சேர்த்து அனுப்பினேன். மதிப்பாய்வாளர் ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: அசல் நிரலில் அந்தச் சரிபார்ப்பை வேண்டுமென்றே நீக்கினால் உங்கள் சோதனை தோற்கிறதா? நீக்கிப் பார்த்தேன். தோற்றது. திரையில் வந்த முடிவை அப்படியே பதிலில் ஒட்டினேன். எப்போதும் பாஸ் ஆகும் சோதனையால் யாருக்கும் லாபமில்லை. இந்தப் பழக்கத்தை இப்போது ஈப்போ வேலையிலும் கடைப்பிடிக்கிறேன்.

அப்புறம் காத்திருப்பு. அங்கே மாற்றங்கள் குவிந்து கிடக்கின்றன, படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. இடையில் வேறொரு மாற்றம் அதே கோப்பைத் தொட்டதால் ரீபேஸ் செய்ய, அதாவது என் மாற்றத்தைப் புதிய நிரலின் மேல் மறுபடி பொருத்த வேண்டி வந்தது. ரீபேஸ் செய்தால் ஹாஷ் மாறிவிடும், பழைய 'ஏக்' செல்லாது, மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவசரப்படுத்தாமல், அந்த இடைவெளியில் மற்றவர்களுடையதைப் பார்த்தேன். அப்படி நான் பார்த்த மாற்றத்தை எழுதிய ஒருவர்தான் பிறகு வந்து என்னுடையதையும் பார்த்தார். ஒரு நாள் அது மெர்ஜ் ஆகி, அசல் நிரலோடு சேர்ந்தது.

தமிழில் இடைமுகத்தை மொழிபெயர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதை கிட்ஹப்பில் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், டிரான்ஸிஃபெக்ஸ் தளம் வழியாகத்தான் செய்ய வேண்டும். பாதுகாப்புப் பிழை எதையாவது கண்டால் பொதுவில் எழுதிவிடாதீர்கள். அதற்குத் தனி மின்னஞ்சல் முகவரி தந்திருக்கிறார்கள்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி இப்போது தன் கணினியில் கம்பைல் செய்து முடித்திருக்கிறான். அடுத்து ஒரு சிறிய சோதனை மாற்றத்தை அவனே மதிப்பாய்வு செய்யப் போகிறான். அந்தச் சோதனையைத் தோற்க வைக்க எந்த வரியை நீக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.